பாட்டு தொடங்கும் முன்பே கோன் ஆடுகிறது, பாட்டு வந்தால் குரல் கலங்குகிறது: காரணம் என்ன?

நித்யா_எல்பி · சனி, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எல்பி ரெக்கார்டுகளைக் கேட்பதற்காக ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன். ஆறரை இன்ச் வூஃபர் (தாழ்ந்த, நடுத்தர ஒலிக்கு), ஒரு இன்ச் ட்வீட்டர் (கீச்சொலிக்கு), பாக்ஸ் கிட்டத்தட்ட 12 லிட்டர், பின்பக்கம் போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை.

ஊசி ரெக்கார்டில் இறங்கியதுமே, பாட்டு இன்னும் தொடங்காதபோதே, வூஃபரின் கோன், அதாவது முன்னால் தெரியும் கூம்பு, உள்ளேயும் வெளியேயும் மெதுவாக ஆடுகிறது. கண்ணால் பின்தொடர முடிகிற வேகம்தான். அப்போது எந்தச் சத்தமும் கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டக் கூட்ட ஆட்டமும் கூடுகிறது. நான் கேட்கும் அளவில் வெளியே 5 மி.மீ., உள்ளே 5 மி.மீ. இருக்கும் என்று தோன்றுகிறது. பாட்டு வந்த பிறகு பாடகியின் குரல் நீண்ட ஸ்வரங்களில் நடுங்குகிறது, கொஞ்சம் கரகரக்கிறது. அதே ஆம்ப், அதே ஸ்பீக்கரில் ஃபோனிலிருந்து பாட்டு போட்டால் இந்தக் குறை இல்லை.

வாங்கிய கடையில் கேட்டேன். கோன் நன்றாக ஆடினால் வூஃபர் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பொருள் என்றார்கள். எனக்கு அது நிறைவாக இல்லை. என் கேள்விகள் இரண்டு. கோன் இவ்வளவு ஆடுவது நல்லதா கெட்டதா? ஒரே கோன் தம்புராவின் மெல்லிய ஒலியையும் மிருதங்கத்தின் அடித்தொனியையும் ஒரே நேரத்தில் எப்படித் தருகிறது, அதில் ஒன்று மற்றதைக் கெடுக்காதா?


ரீகோன்_ஈரோடு · சனி, இரவு 9:15

தங்கச்சி, ரொம்ப வருசமா வூஃபர் பிரிச்சு ரீகோன் (கோனையும் காயிலையும் மாத்தற வேலை) பண்றவன் நான். கடையில சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. கோன் ஆடறது வேற, சத்தம் வர்றது வேற. சத்தமே இல்லாம 5 மி.மீ. ஆடுதுன்னா அந்த ஆட்டம் பூராவும் வீண். அதுக்கு ஒரு விலையும் உண்டு.

வூஃபரைப் பிரிச்சுப் பார்த்தா விசயம் எளிசு. மேக்னட்டுக்கு மேல ஒரு இரும்புத் தட்டு, அதோட நடுத் துளையில ஒரு வளைய இடுக்கு. அந்த இடுக்குலதான் வாய்ஸ் காயில், அதாவது கோனோட ஒட்டின கம்பிச் சுருள், ஓடுது. உங்க சைஸ் வூஃபர்ல தட்டு 6 மி.மீ. தடிமன், காயில் சுற்று 16 மி.மீ. உயரம்னு வச்சுக்குங்க. காயில் நடுவுல இருக்கும்போது இடுக்கு முழுக்கக் கம்பி நிரம்பியிருக்கும். இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5 மி.மீ. போற வரைக்கும் அப்படித்தான். அதைத் தாண்டினா இடுக்குல கம்பி குறைய ஆரம்பிக்கும். கம்பி குறைஞ்சா தள்ளுற விசை குறையும். ஸ்பீக்கரோட விவரக் காகிதத்துல எக்ஸ்மேக்ஸ்னு, அதாவது கோன் ஒழுங்கா ஆடக்கூடிய எல்லைன்னு, போடறது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்: காயில் உயரத்துல தட்டுத் தடிமனைக் கழிச்சுப் பாதி.

என்கிட்ட வர்ற செத்த வூஃபர்கள்ல கருகினது ஒரு வகை. இன்னொரு வகை, கருகாமலே செத்தது: காயிலோட அடிவிளிம்பு பின்தட்டுல மோதி நசுங்கியிருக்கும், ஸ்பைடர் (காயிலை நடுவுல பிடிக்கிற துணி வளையம்) ஓரத்துல பசை விட்டிருக்கும். எல்லாமே அதிக ஆட்டத்தோட வேலை.

ஒண்ணு சொல்லுங்க. ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே மேசையிலயா இருக்கு?


பேப்பர்கோன் · சனி, இரவு 9:50

எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. ஒலி துல்லியமாக இருக்க வேண்டுமானால் கோன் சிக்னலோடு கூடவே ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு லேசான கோன் வேண்டும். பழைய எட்டு இன்ச் காகிதக் கோன் ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஒலியையும் ஒரே கோன் தரும் ஸ்பீக்கர்) ஒன்றில் குரலைக் கேட்டுப் பாருங்கள், உயிர் இருக்கும். இன்றைய சிறிய வூஃபர்களில் ரப்பர் சரவுண்டும் (கோனின் விளிம்பு வளையம்) கனமான கோனும் சேர்ந்து வேகத்தைக் கொன்றுவிடுகின்றன. குரல் கலங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


அளவுகோல் · சனி, இரவு 10:35

நித்யா, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நம்மில் பலர் மனத்தில் வைத்திருக்கும் படம் இது: கோன் முன்னால் வந்தால் காற்றழுத்தம் கூடும், பின்னால் போனால் குறையும், ஆகவே கோனின் இடப்பெயர்ச்சிதான் ஒலி அலையின் வடிவம். திறந்த வெளியிலோ சாதாரண அறையிலோ அது அப்படி நடப்பதில்லை. கோனுக்கு முன்னால் உள்ள காற்று அடைபட்டது அல்ல, மெதுவாகத் தள்ளினால் நழுவிப் போய்விடும். நம்மிடம் வந்து சேரும் அழுத்தம் கோனின் முடுக்கத்துக்கு ஏற்ப அமைகிறது. கோன் முழுக்க வெளியே வந்து ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம் உள்நோக்கி உச்சத்தில் இருக்கும். அந்தக் கணத்தில் புறப்படும் அழுத்தம் அலையின் மேல்முனை அல்ல, கீழ்முனை! நடுப்புள்ளியை அதிவேகமாகக் கடக்கும்போது முடுக்கம் பூஜ்யம், அழுத்தமும் பூஜ்யம். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் மிகத் தாழ்ந்த பேஸுக்கு மட்டும் கதை வேறு. அங்கே காற்று அடைபட்டிருப்பதால் அழுத்தம் இடப்பெயர்ச்சியைப் பின்பற்றத் தொடங்கும்.

1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய கோன் ஸ்பீக்கருக்கு அடித்தளம் இட்டபோது பற்றிக்கொண்ட சூட்சுமமும் இதுதான். கோனின் இயல் அதிர்வெண்ணைக் கேட்க வேண்டிய எல்லைக்குக் கீழே தள்ளி வைத்தார்கள். அதற்கு மேலே கோன் வெறும் நிறையாக நடந்துகொள்ளும். காயிலில் ஓடும் கரண்ட் விசையாகிறது, விசை முடுக்கமாகிறது, முடுக்கம் அழுத்தமாகிறது. கரண்டின் வடிவமே ஒலியின் வடிவம். கோன் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒலிக்குத் தேவையே இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரே அளவு சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு ஆட வேண்டும். உங்கள் ஆறரை இன்ச் வூஃபரின் பரப்பு சுமார் 130 சதுர செ.மீ. அது 40 ஹெர்ட்ஸில் இரு பக்கமும் 5 மி.மீ. ஆடினால், தரை அல்லது சுவரின் துணை உள்ள இடத்தில் 1 மீட்டர் தொலைவில் கிடைப்பது ஏறக்குறைய 89 டெசிபெல். அதே 89 டெசிபெல் 1000 ஹெர்ட்ஸில் வேண்டுமானால் 8 மைக்ரான் போதும். தம்புராவின் ஒலி கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு நடுக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பேஸ், அல்லது உங்கள் வீட்டில் நடப்பதுபோல ஒலியே அல்லாத ஒன்று.

ஆட்டம் நொடிக்கு 5 முறை என்று வைத்துக்கொள்வோம். அதே 5 மி.மீ.க்கு 40 ஹெர்ட்ஸில் கிடைத்ததில் 64-இல் ஒரு பங்கு அழுத்தம்தான் கிடைக்கும், அதாவது 36 டெசிபெல் குறைவு. போர்ட் பாக்ஸில் அந்தத் தாழ்நிலையில் போர்ட்டிலிருந்து வருவது கோனின் ஒலிக்கு எதிர்த்திசையில் வந்து மிச்சத்தையும் அழித்துவிடும். 5 ஹெர்ட்ஸை மனிதக் காது உணர 100 டெசிபெலுக்கும் மேலே வேண்டும். அதனால்தான் கோன் அவ்வளவு ஆடியும் உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பேப்பர்கோன், வேகம் பற்றி: மேலே சொன்ன 40 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் கோனின் உச்ச வேகம் நொடிக்கு 1.26 மீட்டர். 1000 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு 5 செ.மீ. மட்டுமே. கோன் அதிவேகமாக ஓடுவது பேஸில்தான், அதை எந்தக் கனமான வூஃபரும் செய்கிறது. கோனின் நிறை கூடினால் குறைவது சென்சிடிவிட்டி, அதாவது அதே மின்சக்திக்குக் கிடைக்கும் சத்தம். மேல் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காயிலின் இண்டக்டன்ஸும் (கரண்ட் வேகமாக மாறுவதை எதிர்க்கும் தன்மை) கோனின் விறைப்பும். பேஸ் மந்தமாகக் கேட்கிறது என்றால் நான் முதலில் அறையைத்தான் சந்தேகிப்பேன். 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே ரீங்கரிக்கும்.


நித்யா_எல்பி · ஞாயிறு, காலை 7:20

அளவுகோல் அண்ணா, கரண்டுதான் ஒலி என்று சொன்ன இடம் நன்றாகப் பிடிபட்டது. ஈரோடு அண்ணா, பிளேயர் தனி அலமாரியில், ஸ்பீக்கர்கள் எதிர்ச்சுவர்ப் பக்கம் ஸ்டாண்டில் இருக்கின்றன.

ஆனால் கோன் இருக்கும் இடம் ஒலிக்குத் தேவையில்லை என்றால், கேட்காத ஆட்டம் கேட்கும் குரலை ஏன் கெடுக்க வேண்டும்?


ஹார்ன்பித்தன் · ஞாயிறு, காலை 9:05

அதற்கு விடை டாப்ளர். ரயில் நெருங்கும்போது அதன் ஹார்ன் சுருதி கூடுவதும், விலகும்போது இறங்குவதும் எல்லோரும் கேட்டதுதான். குரலைப் பாடும் கோன் பேஸுக்காக முன்னும் பின்னும் ஓடுகிறது. அப்படியானால் குரலின் சுருதியும் கூடிக் குறைய வேண்டும். இது நான் கட்டிய கதை அல்ல. 1943-இலேயே ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர்கள் பியர்ஸும் பெலாரும் இதைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். 1960களின் இறுதியில் ஹார்ன் ஸ்பீக்கர் தயாரிப்பாளர் பால் கிளிப்ஷ் இதை அளந்து காட்டி, ஸ்பீக்கரின் மிக மோசமான குறைகளில் ஒன்று இது என்று வாதாடினார். அவருடைய ஹார்ன்களில் (வாய் விரிந்த குழல் கொண்ட ஸ்பீக்கர்கள்) கோன் மிகக் குறைவாகத்தான் அசையும். ஹார்ன் காற்றை நன்றாகப் பற்றிக்கொள்வதால் அதே சத்தத்துக்கு நீண்ட ஓட்டம் தேவையில்லை. நல்ல ஹார்னில் குரலைக் கேட்டவர்கள் அந்தத் தெளிவை மறக்க மாட்டார்கள்.

நித்யா சொல்லும் நடுக்கம் எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. ஆறரை இன்ச் இருவழி ஸ்பீக்கரில் பேஸும் குரலும் ஒரே கோனில் ஓடுகின்றன. இது தப்ப முடியாத குறை.


அளவுகோல் · ஞாயிறு, காலை 11:30

ஹார்ன்பித்தன், டாப்ளர் உண்மை, நானும் மறுக்கவில்லை. 40 ஹெர்ட்ஸில் 5 மி.மீ. ஆடும் கோன், உடன் ஒலிக்கும் 1000 ஹெர்ட்ஸ் தொனியை மேலும் கீழும் 3.7 ஹெர்ட்ஸ் இழுக்கும். ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம்) பார்த்தால் 960-இலும் 1040-இலும் ஏறத்தாழ 4.6 சதவீத அளவில் இரண்டு பக்கத் தொனிகள் நிற்கும். எண்ணளவில் இது சிறியது அல்ல. காதுக்கு இது எவ்வளவு எட்டுகிறது என்பதில்தான் சண்டை. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் ராய் அலிசனும் எட்கர் வில்ச்சரும் 1982-இல் இதை ஆராய்ந்து, வழக்கமான கேட்பு நிலையில் இது காதில் படாது என்ற முடிவுக்கு வந்தார்கள். இசையை வைத்துச் செய்யும் சோதனைகளில் நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

இங்கே முக்கியமானது வேறு. டாப்ளர் இழுக்கும் சுருதி வேகத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்தது அல்ல. நித்யா வீட்டில் ஆட்டம் மெதுவானது. 5 ஹெர்ட்ஸில் 5 மி.மீ. என்றால் உச்ச வேகம் நொடிக்கு 16 செ.மீ.கூட இல்லை. 1000 ஹெர்ட்ஸ் தொனி அரை ஹெர்ட்ஸுக்கும் குறைவாகத்தான் நகரும், அதுவும் நிதானமாக. எந்தச் சங்கீதக் காதும் அதைப் பிடிக்காது. ஆகவே இந்த வழக்கில் டாப்ளர் குற்றவாளியாக இருக்க முடியாது.

குற்றவாளி ரீகோன் அண்ணாச்சி சொன்னதில் இருக்கிறது. கரண்ட் விசையாக மாறும்போது நடுவில் ஒரு பெருக்கி உண்டு: காந்தப் புலமும், அதற்குள் கிடக்கும் கம்பியின் நீளமும் சேர்ந்த பிஎல். காயில் நடுவில் இருக்கும்போது அது முழு அளவில் இருக்கும். விலக விலகக் குறையும். இடுக்கின் ஓரத்தில் புலம் ஒரேயடியாக அறுந்து போவதில்லை, சிதறிக் குறைகிறது. ஆகவே 5 மி.மீ. என்ற எல்லைக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். கோன் ஓரத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குரலுக்கான விசை குறைகிறது, நடுவுக்கு வந்தால் மீள்கிறது. நித்யா, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். ஒலிக்குக் கோனின் இடம் தேவையில்லை, ஆனால் மோட்டாருக்கு அந்த இடம் தெரியும். ஆட்டம் 5 ஹெர்ட்ஸாக இருந்தாலும் 40 ஹெர்ட்ஸாக இருந்தாலும் இந்தக் கெடுதல் அப்படியே இருக்கும், ஏனென்றால் இது தூரத்தைப் பொறுத்தது. குரல் நொடிக்குப் பத்து முறை தணிந்து எழும்பினால் காது அதை நடுக்கமாகத்தான் கேட்கும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் வொல்ஃப்காங் கிளிப்பெல் தன் வாழ்நாள் உழைப்பை இதற்குத்தான் கொடுத்திருக்கிறார். கோன் ஒவ்வொரு இடத்தில் இருக்கும்போதும் பிஎல் எவ்வளவு, ஸ்பைடரும் சரவுண்டும் எவ்வளவு விறைப்பு, காயிலின் இண்டக்டன்ஸ் எவ்வளவு என்று வரைபடமாக எடுக்கும் கருவிகளை உருவாக்கியவர். அவருடைய முறையில் எக்ஸ்மேக்ஸ் என்பது காயில் உயரக் கணக்கு அல்ல. நடு நிலையில் உள்ள பிஎல்லில் 82 சதவீதம் மிஞ்சும் தூரம், அல்லது தொங்கு அமைப்பின் (ஸ்பைடர், சரவுண்டு) நெகிழ்வு 75 சதவீதமாகக் குறையும் தூரம், எது முதலில் வருகிறதோ அதுதான். மலிவான வூஃபர்கள் பலவற்றில் காயில் நடுவிலேயே ஒட்டப்பட்டிருக்காது. ஒரு பக்கம் 6 மி.மீ. போகும், மறுபக்கம் 3 மி.மீ.யிலேயே விசை விழுந்துவிடும். காகிதத்தில் ஒரே எண்தான் இருக்கும்.

ஆனால் தீர்ப்புக்கு முன் ஒரு சோதனை வேண்டும். நித்யா, ரெக்கார்டு வளைந்திருந்தால் ஊசி ஏறி இறங்கும்போது சுருதியே சற்று அலையும். அது ரெக்கார்டில் நடப்பது, ஸ்பீக்கருக்குச் சம்பந்தமில்லை. அதே ஆம்பில் ஹெட்ஃபோன் செருகி அதே இடத்தைக் கேளுங்கள். ஹெட்ஃபோனிலும் நடுங்கினால் பிளேயர் பக்கம் பாருங்கள். நடுங்காவிட்டால் வூஃபர்தான்.


வலந்தலை · ஞாயிறு, பிற்பகல் 2:10

மிருதங்கம் வாசிப்பவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. நீங்கள் எல்லோரும் கோன் முழுதும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் போவதாகப் பேசுகிறீர்கள். தோல் அப்படிப் போகாது என்பது எங்களுக்குக் கை அறிந்த விஷயம். வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல் வைக்கும் இடம் மாறினால் தோல் வேறு வேறு பகுதிகளாகப் பிரிந்து அதிரும். சாதாரணத் தோலில் அந்த அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராது. நடுவில் கரணை (கருப்புப் பூச்சு) ஏற்றியதால்தான் அவை ஒரே சுருதியின் மேல்தொனிகளாக ஒழுங்குபடுகின்றன. சர் சி. வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார், 1934-இல் விரிவாகவும் எழுதினார்.

கோனும் ஒரு கட்டத்துக்கு மேல் இப்படிப் பிரிந்து அதிரும் அல்லவா? மிருதங்கத்தில் அது நாங்கள் தேடிச் சேர்க்கும் நாதம். ஸ்பீக்கர் தனக்கென்று ஒரு நாதம் வைத்துக்கொண்டால் என் மிருதங்கம் என் மிருதங்கமாகக் கேட்காதே. ஆட்டத்தின் தூரத்தைவிட இது பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது.


அளவுகோல் · ஞாயிறு, பிற்பகல் 3:45

வலந்தலை ஐயா, மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆறரை இன்ச் கோன் கீழே ஒரே துண்டாகப் போகும். மேலே போகப் போக நடுவிலிருந்து கிளம்பும் அலை விளிம்புக்குப் போய்த் திரும்பி வரும், கோன் துண்டு துண்டாகும். அலுமினியக் கோன் நெடுந்தூரம் விறைப்பாக நின்று, சில ஆயிரம் ஹெர்ட்ஸில் திடீரென்று மணிபோல ஒலிக்கும். காகிதம் முன்னதாகவே பிரியும். ஆனால் அதன் நார்கள் அதிர்வை உறிஞ்சிவிடுவதால் மென்மையாகப் பிரியும். பேப்பர்கோன் கேட்கும் அந்த உயிரில் இதற்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு ஒலிபரப்புக்கான மானிட்டர் ஸ்பீக்கர்களை உருவாக்கியபோது காகிதத்தை விட்டு பெக்ஸ்ட்ரீன், பிறகு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குகளுக்குப் போனதற்குக் காரணம், ஒவ்வொரு கோனும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அதன் சொந்தக் குரல் அடங்கியிருக்க வேண்டும் என்பதுதான். அவர்களின் எல்எஸ்3/5ஏ மானிட்டரில் இருந்த கேஇஎஃப் பி110 வூஃபர் பெக்ஸ்ட்ரீன் கோன் கொண்டது.

இருவழி ஸ்பீக்கரில் கிராஸ்ஓவரை (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 2000 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, கோன் பிரியும் இடத்துக்கு முன்பே வேலையை ட்வீட்டரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஆகவே அந்தக் குறைக்கு வடிவமைப்பவர் கையில் மருந்து இருக்கிறது. தூரத்துக்கு மருந்து கேட்பவர் கையில்.


பேப்பர்கோன் · ஞாயிறு, மாலை 5:30

காகிதத்தைப் பற்றி நியாயமாகச் சொன்னீர்கள். ஒரு கேள்வி. கோன் தவறாகப் போனால் அதை அளந்து திருத்தலாமே? ஆம்ப்ளிஃபயரில் ஃபீட்பேக் இல்லாமல் இன்று பெரும்பாலும் யாரும் டிசைன் செய்வதில்லை. ஸ்பீக்கரை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்?


அளவுகோல் · ஞாயிறு, மாலை 6:15

விட்டுவிடவில்லை. 1970களில் பிலிப்ஸ் எம்எஃப்பி (மோஷனல் ஃபீட்பேக்) என்ற வரிசையை விற்றது. வூஃபரின் காயிலோடு சேர்த்து ஒரு பீசோ உணரி (அசைவை மின்சிக்னலாக்குவது), பாக்ஸுக்குள்ளேயே ஆம்ப். உணரி சொல்வதை உள்ளே வரும் சிக்னலோடு ஒப்பிட்டு ஆம்ப் வேறுபாட்டைத் திருத்தும். அந்த உணரி அளந்தது இடப்பெயர்ச்சியை அல்ல, முடுக்கத்தை. நேற்று இரவு நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இன்றும் சில சப்வூஃபர்களில் இந்த சர்வோ முறை உண்டு.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. காயில் இடுக்கை விட்டு வெளியே போனபின் விசையே இல்லாதபோது திருத்துவதற்கு எதைக் கொண்டு திருத்துவது? இன்னும் கரண்டை அனுப்பினால் காயில் சூடாகும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 100 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 டெசிபெல் போய்விடும். கோன் பிரிந்து அதிரும் இடத்தில் எந்தப் புள்ளியை அளப்பது என்பதும் சிக்கல். ஆகவே இது பேஸுக்கு மட்டும் பொருந்திய வழி.


நித்யா_எல்பி · ஞாயிறு, இரவு 8:50

ஹெட்ஃபோனில் கேட்டேன். அதே ரெக்கார்டு, அதே பாட்டு, அதே நீண்ட ஸ்வரம். குரல் கம்பிபோல நிற்கிறது, நடுக்கமே இல்லை. ஸ்பீக்கருக்கு மாற்றியதும் மறுபடி கலங்குகிறது. வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கினால் ஸ்பீக்கரிலும் தெளிவாகிவிடுகிறது. வேறு ரெக்கார்டுகளையும் போட்டுப் பார்த்தேன். மேசையில் வைத்தால் தட்டையாக உட்காரும் ரெக்கார்டுகளில் கோன் மிகக் குறைவாக ஆடுகிறது, குரலும் சரியாக இருக்கிறது. ஓரம் தூக்கிய ரெக்கார்டுகளில்தான் தொல்லை. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை, மறுபடி கிடைக்காதவை. என்ன செய்யலாம்?


ரீகோன்_ஈரோடு · ஞாயிறு, இரவு 9:30

தூக்கிப்போடவே வேண்டாம் தங்கச்சி. ரெண்டு வேலை பண்ணுங்க, ரெண்டும் செலவில்லாத வேலை.

மொதல்ல போர்ட்டை அடைங்க. கெட்டியான ஃபோமை உருளையா வெட்டி, காத்து போகாத மாதிரி இறுக்கமா. போர்ட் பாக்ஸ்ல ட்யூனிங்குக்குக் கீழ, அதாவது போர்ட் வேலை செய்யற அதிர்வெண்ணுக்குக் கீழ, கோனுக்குப் பின்னால காத்து மெத்தையே கிடையாது, போர்ட் வழியா வந்து வந்து போயிடும். கோனைப் பிடிச்சு நிறுத்தறது ஸ்பைடரும் சரவுண்டும் மட்டும்தான். அடைச்சா உள்ள இருக்கற காத்தே ஸ்பிரிங்கா நிக்கும்.

ரெண்டாவது, ஃபோனோ ப்ரீஆம்புக்கும் (பிளேயரோட மெல்லிய சிக்னலைப் பெருக்கறது) ஆம்புக்கும் நடுவுல ஒவ்வொரு சேனல்லயும் வரிசையா ஒரு கண்டன்சர். ஆம்போட உள்நுழைவுத் தடை எவ்வளவுன்னு அதோட காகிதத்துல பாருங்க. 47 கிலோஓம் இருந்தா 0.15 மைக்ரோஃபேரட் போடுங்க. பாலியெஸ்டர் இல்ல பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை, எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம். ஆர்சிஏ பிளக்குக்குள்ளயே சாலிடர் பண்ணிடலாம். உங்க ஊர்ல ரேடியோ மெக்கானிக் யாராயிருந்தாலும் நிமிசத்துல பண்ணித் தருவாங்க. ஆம்ப்ல சப்சானிக்னு (காதுக்கு எட்டாத தாழ்ந்த ஆட்டத்தை வெட்டறது) பட்டன் இருந்தா அதுவே போதும், கண்டன்சரே வேண்டாம்.


அளவுகோல் · ஞாயிறு, இரவு 10:05

அண்ணாச்சி சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எண்கள் மிக நன்றாக வருகின்றன.

இந்த அளவு வூஃபரின் தொங்கு அமைப்பு 1 மி.மீ. தள்ள சுமார் 1 நியூட்டன் கேட்கும். 12 லிட்டர் அடைத்த பாக்ஸில் உள்ள காற்று அதே 1 மி.மீ.க்கு இன்னொரு 2 நியூட்டன் கேட்கும். மொத்த விறைப்பு மூன்று மடங்கு, ஆகவே மெதுவான ஆட்டம் மூன்றில் ஒன்றாகக் குறையும். காற்று ஸ்பிரிங்கில் இன்னொரு நன்மையும் உண்டு. துணி ஸ்பைடரைவிட அது நேர்சீரானது. எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கரை உருவாக்கியபோது வேண்டுமென்றே தொங்கு அமைப்பைத் தளர்த்தி, பாக்ஸின் காற்றையே முக்கிய ஸ்பிரிங்காக வைத்தது இதற்காகத்தான்.

0.15 மைக்ரோஃபேரட், 47 கிலோஓம் சேர்ந்தால் வெட்டு 22.6 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தணியும். 5 ஹெர்ட்ஸ் 13 டெசிபெல் இறங்கும், அதாவது 4.6 மடங்கு. போர்ட் அடைப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 14 மடங்கு. 5 மி.மீ. ஆட்டம் 0.4 மி.மீ.க்குக் கீழே வந்துவிடும். 40 ஹெர்ட்ஸில் கண்டன்சரால் இழப்பது 1.2 டெசிபெல் மட்டுமே. அந்த வேறுபாட்டைவிட நீங்கள் நாற்காலியை நகர்த்தினால் வரும் வேறுபாடு பெரிது. போர்ட் தந்துகொண்டிருந்த பேஸ் மட்டும் கொஞ்சம் குறையும், அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

ரெக்கார்டுக்கான ஆர்ஐஏஏ வளைவில் (ரெக்கார்டின் ஒலியை ப்ரீஆம்ப் சமன்செய்யும் தர அளவு) 20 ஹெர்ட்ஸ் வெட்டு ஒன்றை 1976-இல் சர்வதேச மின் தர அமைப்பான ஐஇசி திருத்தமாகச் சேர்த்தது. பல ப்ரீஆம்ப் தயாரிப்பாளர்கள் அதைக் கடைப்பிடிப்பதில்லை, பேஸ் குறையும் என்ற பயம். போர்ட் பாக்ஸ் வைத்திருப்பவருக்கு அது பயப்பட வேண்டிய விஷயமே அல்ல, அவசியமானது.


ஹார்ன்பித்தன் · ஞாயிறு, இரவு 10:40

இந்த வழக்கில் வேகம் போதாது என்பது கணக்கில் சரிதான். ஆனால் பேஸ் கிட்டாரும் குரலும் சேர்ந்து சத்தமாக ஓடும் பாட்டுகளில் டாப்ளர் பங்கு எவ்வளவு, பிஎல் பங்கு எவ்வளவு என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா? என்னிடம் அளவு மைக் இருக்கிறது.


அளவுகோல் · ஞாயிறு, இரவு 11:20

உண்டு. 40 ஹெர்ட்ஸும் 1000 ஹெர்ட்ஸும் ஒன்றாகக் கொடுங்கள், மைக்கைக் கோனுக்கு அருகே வைத்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 920, 1080 இடங்களில் தொனிகள் எழுந்தால் அது காயில் இரு பக்கமும் சமமாக விசை இழப்பதன் அடையாளம், ஒரு சுற்றில் இரண்டு முறை விழுவதால் 80 ஹெர்ட்ஸ் இடைவெளி. 960, 1040 எழுந்தால் டாப்ளராக இருக்கலாம். ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். காயில் நடுவில் இல்லாவிட்டாலும் அதே இடத்தில் எழும். இண்டக்டன்ஸ் மாறுவதாலும் எழும், ஏனென்றால் காயில் உள்ளே போனால் இரும்பு சூழ்ந்து இண்டக்டன்ஸ் கூடும், வெளியே வந்தால் குறையும். நல்ல வூஃபர்களில் மையத் தண்டைச் சுற்றிச் செம்பு அல்லது அலுமினிய வளையம் வைப்பது இதை அடக்கத்தான்.

பிரிப்பதற்கு 1000 ஹெர்ட்ஸின் அலைவடிவத்தை மட்டும் வடிகட்டி எடுத்து அதன் உயரத்தைப் பாருங்கள். உயரம் 40 ஹெர்ட்ஸோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மோட்டாரின் குறை. உயரம் நிலையாக இருந்து கட்டம் (அலை முந்துவதும் பிந்துவதும்) மட்டும் அலைந்தால் டாப்ளர். பிறகு 40 ஹெர்ட்ஸை மட்டும் 6 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். டாப்ளர் சரியாகப் பாதியாகும். பிஎல் குறை பாதியைவிட வேகமாக விழும். ஆறரை இன்ச் வூஃபர்களில் எக்ஸ்மேக்ஸை நெருங்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதையும், தாண்டியதும் பிஎல் குறை முந்திக்கொண்டு ஓடுவதையும் பார்ப்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் வேலை செய்யும்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தனி சப்வூஃபருக்குக் கொடுத்துவிடுவது. 12 இன்ச் கோனின் பரப்பு உங்கள் ஆறரை இன்சைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதே பேஸுக்கு அது கால்வாசி தூரம் ஆடினால் போதும், அந்தக் கோனில் குரலும் இல்லை.


நித்யா_எல்பி · வியாழன், இரவு 9:10

ஃபோம் அடைத்தேன். தெருமுனையில் உள்ள ரேடியோ மெக்கானிக் தாத்தா பிளக்குக்குள் கண்டன்சர் வைத்துக் கொடுத்தார். ஓரம் மிக மோசமாகத் தூக்கிய ரெக்கார்டைத்தான் முதலில் போட்டேன். கோன் நிற்கிறது! விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தால்தான் அசைவு தெரிகிறது. முன்பு கேட்ட அதே வால்யூமில் குரல் சுத்தமாக இருக்கிறது, பின்னால் தம்புரா ஓடுவதுகூடக் கேட்கிறது. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தோல்) ஒலி மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. சப்வூஃபர் வாங்க இப்போது வசதியில்லை. ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித் தள்ளினால் உதவுமா?


ரீகோன்_ஈரோடு · வியாழன், இரவு 9:25

உதவும். போர்ட் பின்னால இருந்ததாலதான் சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லியிருப்பாங்க, இப்ப அந்தக் கட்டாயம் இல்ல. ஒரு சாண் இடம் விட்டு ஆரம்பிங்க. தொப்பி உப்பிக் கேட்டா கொஞ்சம் கொஞ்சமா முன்னால இழுங்க. வருசத்துக்கு ஒருக்கா ஃபோமை எடுத்துப் பாருங்க, நம்ம ஊர் வெக்கைக்கு அது பொடிஞ்சு உள்ள விழும்.